டப்பா மேல் எழுதியதை நம்பாத அக்கா

மெர்லிமாவ் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்குவதற்கு முன்னால் அக்கா அதன்மேல் ஏறி நின்று குதித்தார். நல்ல கூட்டம் இருந்த சாயங்காலம். பக்கத்தில் சாத்தே இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தவர் விசிறியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். எனக்கும் அக்காவுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி நான் கெரோப்போக் வறுவல் பொட்டலங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் ஓங்கிக் குதித்தபோது ஒரு கால் வெளிப்பக்கமாக வளைந்தது. “பாத்தீங்களா,” என்று மட்டும் சொல்லி இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, “வேற காட்டுங்க,” என்றார்.

எந்தச் சாமானை எடுத்தாலும் அவரிடம் ஒரே கேள்விதான். “தாஹானா?” மலாய்க்காரர்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட சொல் அது. தாங்குமா, உழைக்குமா, நாள்படக் கிடக்குமா என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். வலியைப் பொறுத்துக்கொள்வதற்கும் அதே சொல்தான். கிளினிக்கில் ஊசி போடும் நர்ஸ்கூட ‘தாஹான் பண்ணுங்க’ என்றுதான் சொல்வார். கடைக்காரர்களைக் கேட்டால் உலகத்தில் தாஹான் இல்லாத சாமானே கிடையாது. அக்கா அதைக் காதில் வாங்கமாட்டார். குடை வாங்குவதற்கு மழை நாளாகப் பார்த்துக் கடைக்குப் போனவரை அவரைத் தவிர நான் கண்டதில்லை.

அக்காவுக்குப் பெயர் இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை, இங்கேயும் வேண்டாம். நானும் மேரியும் ஆயர் குரோவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். காலையில் எங்கள் இருவரையும் மெர்லிமாவிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவார். பிறகு பகல் முழுக்கக் கைப்பேசிச் செயலியைப் பார்த்து மலாக்காவைச் சுற்றி ஆள் ஏற்றுவார். எங்கள் வேலை முடியும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பார். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒல்லி உடம்பு, இறுக்கிப் போட்ட கொண்டை. வலது கைக்கு மட்டும் கறுப்பு உறை போட்டிருப்பார், சன்னல் பக்கம் அந்தக் கையில்தான் வெயில் விழும் என்பதால். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடக்கும்போதும் அதைக் கழற்றமாட்டார். ஒரு கை கறுப்பும் ஒரு கை மாநிறமுமாக அவர் வங்கிக்குள் நுழைந்தால் காவலாளி ஒருமுறை எழுந்து உட்காருவார்.

தங்கா பத்துவில் இருந்த புருசன் வீட்டை விட்டு வந்தவர் அவர். அதைப் பற்றி யாராவது சுற்றி வளைத்து விசாரித்தால் அவருக்குப் பிடிக்காது. நேராகக் கேட்டால் நேராகப் பதில் வரும். “அடிச்சான். வந்துட்டேன்.” அதற்குமேல் கதை கிடையாது.

ஒரு வளைகாப்பு வீட்டில் அக்காவின் அத்தை ஒருவர் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, “ஆம்பளன்னா முன்ன பின்ன இருக்கத்தான்மா செய்வான். நீதான் கொஞ்சம் தாஹான் பண்ணியிருக்கணும்,” என்றார். அக்கா கையில் இருந்த கேசரியை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார்.

“நான் என்ன நாற்காலியா அத்தை?”

அத்தைக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பாசார் மாலாமில் கெரோப்போக் பார்த்துக்கொண்டு நின்றது நான்தானே. கேசரி புரையேறி எழுந்து வெளியே போனேன்.

அக்கா அப்போது மெர்லிமாவில் தன் அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணன் செம்பனை எண்ணெய் ஆலையில் மேற்பார்வையாளர். நாலு பேர் மதிக்கும் மனிதர், கோயில் கூட்டத்தில் முன்வரிசை. எனக்கு அவரைப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. தங்கச்சிக்குச் சோறு போட்டார், அறை கொடுத்தார், தன் பெயரில் இருந்த பழைய காரையும் ஓட்டக் கொடுத்தார். அதெல்லாம் உண்மைதான். ஆனால் கொடுத்த ஒவ்வொன்றையும் எந்த நேரமும் பிடுங்கிக்கொள்ளலாம் என்பதை அவர் மறக்கவும் இல்லை, அக்காவை மறக்கவிடவும் இல்லை.

ஒருநாள் நல்ல மழை. ஆயர் குரோ டோல் பக்கம் லாரி ஒன்று கவிழ்ந்து ரோடு முழுக்க ஜாம். எங்களை வீட்டில் விட்டுவிட்டு, அவசரமாகக் கூப்பிட்ட ஒரு பயணியை ஏற்றிக்கொண்டு போன அக்கா அதில் மாட்டிக்கொண்டார். வரைபடத்தையும் செயலியையும் நாளெல்லாம் காட்டிக்கொண்டிருந்த கைப்பேசி உயிரை விட்டது. அண்ணன் அழைத்தபோதெல்லாம் இணைப்பு இல்லை என்ற பெண் குரல்தான் கேட்டது. அவர் என் வீட்டுக்கு வந்தார், மேரி வீட்டுக்குப் போனார், தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார். அக்கா வந்து சேர்ந்தபோது வாசலிலேயே நின்று சாவிக்குக் கையை நீட்டினாராம்.

சாவி திரும்பி வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் நாங்கள் பஸ்ஸில் போனோம், அக்கா வீட்டில் அண்ணிக்கு வெங்காயம் உரித்தார். சாவியோடு ஒரு நிபந்தனையும் வந்தது. போன் இனி ஒருதரம் செத்தாலும் கார் கிடையாது. அக்கா அதை எங்களிடம் சொன்னபோது குரலில் வருத்தம் இல்லை.

“காரு இருந்தாத்தான் எனக்குன்னு நாலு காசு. அது இல்லன்னா திரும்பவும் தங்கா பத்துதான். அண்ணனுக்கும் அதான் வேணும். அதனால இந்தப் போனு சாகக்கூடாது,” என்றார்.

மேரிதான் சொன்னாள், காரில் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகுகிற ஃபாஸ்ட் சார்ஜர் வாங்குங்கள் என்று. மலாக்கா டவுனில் கைப்பேசிச் சாமான் விற்கும் கடை ஒன்றில் அக்கா வாங்கினார். டப்பாவில் மின்னல் படம் போட்டு, ‘ஃபாஸ்ட்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. வெளியே ஆள் காத்திருந்ததால், தன் வாழ்நாளில் முதல்முறையாக, போட்டுப் பார்க்காமலே வாங்கி வந்துவிட்டார். அதைச் சொல்லி நாங்கள் அவரைக் கேலி செய்தது கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் பார்த்தால் வேடிக்கை. கைப்பேசியில் சார்ஜ் ஏறுகிற அடையாளம் இருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, எண் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. நாற்பத்தொன்று இருந்தது ஆயர் குரோ போவதற்குள் முப்பத்தேழு.

“என்னக்கா இது, குடிக்கக் குடிக்கத் தாகம் எடுக்குது?” என்றாள் மேரி.

அக்கா சிரிக்கவில்லை. அந்த வாரம் சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள் வேலை. மேரி ஜெபக் கூட்டத்துக்குப் போய்விட்டாள். பசியாறக்கூட விடாமல் அக்கா என்னை நேராக அந்தக் கடைக்கு இழுத்துப் போனார்.

கடைக்காரர் சீனர், இளைஞர், நல்ல மாதிரிதான். சார்ஜரைக் கையில் வாங்கி, ஊதி, மேசைமேல் தட்டி, தன்னிடமிருந்த கருவி ஒன்றில் செருகிப் பார்த்து, வேலை செய்கிறதே என்றார். வேலை செய்கிறது, போதவில்லை என்றார் அக்கா. நீங்கள் அதிகமாகப் பயன்படுத்துகிறீர்கள் அன்ட்டி, சாதாரண ஆட்களுக்கு இது போதும் என்றார் அவர். நான் சாதாரண ஆள்தான் என்றார் அக்கா. பேச்சு மலாயில் இப்படியே போய்வந்தது. என் வயிறு கூவிக்கொண்டிருந்தது. பின்னால் நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் அந்த மனிதர், தெரியாமல், வாயை விட்டுவிட்டார்.

“தாஹான் சிக்கிட் லா, அன்ட்டி.”

கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் அவர் ஒன்றும் நினைத்திருக்கமாட்டார். எங்கள் ஊரில் நூறு பேர் நூறு தடவை சொல்கிற பேச்சு. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்து நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

“பொறுத்துக்கிறதுக்கு நான் வரல,” என்று மலாயில் சொன்னார், குரலை உயர்த்தாமல். “ஒங்க சாமான் தாஹானான்னு பாக்க வந்திருக்கேன். வாங்க, காருக்குப் போவோம்.”

போனார்கள். இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான், அந்தக் கடைக்காரர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் கடையைத் தன் மனைவியிடம் விட்டுவிட்டு அக்காவின் பின்னால் போனார். கார் நிறுத்துமிடத்தில் உச்சி வெயில். அக்கா ஓட்டுநர் இருக்கையில், அவர் பக்கத்தில், நான் பின்னால். எஞ்சின் ஓடியது, வரைபடம் திறந்திருந்தது, செயலி திறந்திருந்தது. மூன்று பேரும் ஒரு எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது ஒன்று குறைந்தது. அக்கா அவரைப் பார்த்தார். கேபிள்தான் பழசு என்றார் அவர். புதுக் கேபிள் கொண்டுவரச் சொன்னார் அக்கா. போய்க் கொண்டுவந்தார். எண் இறங்குவது நின்றது, ஏறவும் இல்லை.

“பாதி தப்பு என் கேபிள்ல இருக்கு, ஒத்துக்கறேன். மீதிப் பாதி?” என்றார் அக்கா.

மீதிப் பாதிக்காகக் கடைக்காரர் திரும்பவும் கடைக்குப் போய், சின்ன நீள்வட்ட வாய் வைத்த வேறொரு சார்ஜரையும் அதற்கேற்ற கேபிளையும் எடுத்துவந்தார். கைப்பேசி சூடாகியிருக்கிறது, வெயில்படும் இடத்தில் மாட்டாதீர்கள் என்று சொல்லி, கைப்பேசித் தாங்கியைப் பிடுங்கி ஏர்கான் காற்று வரும் பக்கம் அவரே மாட்டியும் விட்டார். இந்தத் தடவை எண் ஏறியது. இன்னொன்றும் ஏறியது. அந்த மனிதர் தன்னை மறந்து கையைத் தட்டிவிட்டார். அக்கா பழைய சார்ஜரை டப்பாவோடு அவர் மடியில் வைத்து, “தெரீமா காசே,” என்று நன்றி சொன்னார். அவர் இறங்கிக் கதவைச் சாத்தும்போது என்னைப் பார்த்து, உங்கள் அக்காவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு அதைச் சொல்லும்போது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கைப்பேசி நூறிலிருந்து கீழே இறங்கவே அஞ்சியது. அண்ணன் எந்த நேரம் அழைத்தாலும் அக்கா எடுத்தார். எங்கே இருக்கிறாய், யார் கூட இருக்கிறாய், எப்போது வருவாய். பதில் சொல்லிவிட்டு வைப்பார். மேரி ஒருமுறை, “நல்லா மாட்டிக்கிட்டீங்கக்கா, இப்ப பேட்டரி செத்துப்போச்சுன்னு பொய்கூடச் சொல்ல முடியாது,” என்றாள். “பொய் எதுக்கு?” என்றார் அக்கா.

இன்னொரு சனிக்கிழமை மதியம். ஆயர் குரோவிலிருந்து மூவரும் வந்துகொண்டிருந்தோம். செம்பனைக்கு நடுவே போகும் ரோட்டில் கைப்பேசி அடித்தது. திரையில் அண்ணன். அக்கா எடுக்கவில்லை. நின்று, உடனே மறுபடி அடித்தது. வண்டியை ஓரங்கட்டி, ஸ்பீக்கரில் போட்டார்.

“எங்க இருக்க?”

“பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு வந்துக்கிட்டு இருக்கேண்ணே.”

“அதுங்கள எறக்கி விட்டுட்டு நேரா வீட்டுக்கு வா. தங்கா பத்துலேர்ந்து வந்திருக்காங்க. மாப்பிள்ளையும் வந்திருக்காரு. நல்லபடியா பேசி முடிச்சாச்சு. ஒன் துணிமணியெல்லாம் அண்ணி எடுத்து வெச்சிட்டா.”

மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா ஸ்டீரிங்கின் மேலிருந்த கறுப்பு உறைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னைய கேக்காம என்னண்ணே பேசி முடிச்சீங்க?”

“குடிய விட்டுட்டாரும்மா. இனிமே கை நீட்ட மாட்டேன்னு சாமி முன்னால சத்தியம் பண்ணியிருக்காரு. இன்னும் என்ன வேணும் ஒனக்கு? போயி கொஞ்ச நாளு தாஹான் பண்ணிப் பாரு.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தச் சொல்லை அவர் சொல்லியிருக்கக்கூடாது.

“அந்தச் சத்தியத்த யாருண்ணே ஓட்டிப் பாத்தது?” என்றார் அக்கா. “நீங்க பாத்தீங்களா? அண்ணி பாத்தாங்களா? டப்பா மேல எழுதியிருக்கறத நான் நம்பறதில்லண்ணே. ஒங்களுக்குத் தெரியும்.”

“வெளையாடறியா? காரு யாரு பேருல இருக்குன்னு ஞாபகம் இருக்கட்டும்.”

“ஞாபகம் இருக்கு. வந்துக்கிட்டு இருக்கேன்.”

மேரியை அவள் வீட்டு வாசலில் இறக்கினோம். என் வீட்டுப் பக்கம் வண்டி திரும்பியபோது, நானும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

அண்ணன் வீட்டு வாசலில் நிறைய செருப்புகள் கிடந்தன. உள்ளே முன்கூடத்தில் தட்டில் பழம், வெற்றிலை. சோபாவில் வெள்ளைச் சட்டை போட்டுத் தலையை வழித்துச் சீவிக்கொண்டு ஓர் ஆள். அவர்தான் மாப்பிள்ளை போலிருக்கிறது. அக்கா இறங்கவில்லை. முதலில் எஞ்சினை நிறுத்தினார். பிறகு சார்ஜரைத் துளையிலிருந்து பிடுங்கினார், கேபிளைச் சுற்றினார், தாங்கியைக் கழற்றினார், மூன்றையும் கைப்பையில் போட்டார். பின் இருக்கையில் கிடந்த குடையை என்னிடம் நீட்டினார். எல்லாம் எடுத்தாயிற்றா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்த பிறகுதான் கீழே கால் வைத்தார்.

வாசற்படியிலேயே நின்று அண்ணன் கையில் சாவியை வைத்தார்.

“காரு ஒங்களுது.”

உள்ளே அந்த வெள்ளைச் சட்டை எழுந்து நின்றது. அண்ணி கையைப் பிசைந்துகொண்டு கதவோரம் நின்றிருந்தார். அவர் காலடியில், ஜிப் போட முடியாமல் பிதுங்கிக்கொண்டு, துணிப்பை. அக்கா ஓரெட்டு உள்ளே வைத்து அதைத் தூக்கிக்கொண்டார்.

“எடுத்து வெச்சதுக்கு நன்றி அண்ணி. எனக்கு ஒரு வேலை மிச்சம்.”

“எங்க போற?” என்று அண்ணன் கத்தினார். “அக்கம்பக்கம் என்ன சொல்லும்?”

“போனு ஆன்லதான் இருக்கும்ணே. என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க.”

எங்கள் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். பையின் ஒரு காதை அவரும் இன்னொரு காதை நானும் பிடித்துக்கொண்டு நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. குடையை விரிக்கட்டுமா என்று கேட்டேன். விரி என்றார். அது மழையில் சோதித்து வாங்கின குடை என்பதால் வெயிலுக்கு எப்படி என்று தெரியாது என்றும் சொன்னார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை, அல்லது எனக்குக் காட்டவில்லை.

கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் இருந்தார். எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் வேலை கிடைத்தது. பஸ்ஸில் எங்களோடு வருவார், அந்தக் கறுப்பு உறையைப் போட்டுக்கொண்டு, சன்னல் ஓரமாகப் பார்த்து உட்காருவார். கைப்பைக்குள் அந்த சார்ஜர் இருந்துகொண்டே இருந்தது. கார் இல்லாதவருக்குக் கார் சார்ஜர் எதற்கு என்று மேரி கேட்டுப் பார்த்தாள். “காருக்குன்னு வாங்கினது. காரு வரும்,” என்றார்.

அடுத்த வருடம் தீபாவளி கழிந்து அவர் கார் பார்க்கப் போனபோது நானும் போயிருந்தேன். பழைய கார் விற்பவர் நம் ஆள், பேச்சில் கெட்டிக்காரர். வெள்ளை நிறத்தில் ஒன்றைக் காட்டி, ஒரே ஆள் ஓட்டியது, டாக்டர் வீட்டு வண்டி, எஞ்சின் தங்கம் என்று அடுக்கிக்கொண்டே போனார். அக்கா எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார். டயரை உதைத்துப் பார்த்தார். ஒவ்வொரு கதவையும் திறந்து ஓங்கிச் சாத்தினார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, எஞ்சினை முடுக்கிவிட்டு, கைப்பைக்குள் கையை விட்டு அந்த சார்ஜரை எடுத்துத் துளையில் செருகினார். கைப்பேசியை மாட்டினார். வரைபடத்தைத் திறந்தார். கையைக் கட்டிக்கொண்டு எண்ணைப் பார்க்கத் தொடங்கினார்.

“நல்ல வண்டிக்கா. தாஹான்,” என்றார் விற்பவர்.

நான் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எண் ஒன்று கூடியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. திரையில் அண்ணன். நின்றது. மறுபடி அடித்தது. விற்பவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

“போனு அடிக்குதுக்கா.”

“அடிக்கட்டும்,” என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஏறிக்கிட்டுத்தான் இருக்கு.”